டேக்கைச் செயினாக்கிய பாட்டு

ஒரகடத்தில் கார்க் கதவு மாட்டும் லைனில் நான் இடது பக்கம், அவன் வலது பக்கம். கதவில்லாத கார் கூடு ஒன்று எங்கள் இருவருக்கும் நடுவில் ஊர்ந்து வந்து நிற்கும். இந்தப் பக்கத் திறப்பு வழியாகப் பார்த்தால் அந்தப் பக்கத் திறப்பில் அவன் முகம் தெரியும். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் அவன் முகத்தைப் பார்த்திருக்கிறேன். என் அம்மாவின் முகத்தைக்கூட அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பார்த்ததில்லை.

நான் சங்கரன்கோவில் பக்கம். டிப்ளமா முடித்துவிட்டு ட்ரெய்னியாக வந்தவன். பிள்ளைப்பாக்கத்தில் ஒரு மாடி அறையில் நான்கு பேர் தங்கியிருந்தோம். லைனில் எனக்கு எதிரே நின்ற அவன் அந்த வீட்டுக்காரரின் மகன். நிலத்தை விற்ற பணத்தில் அவன் அப்பா கீழே தன் குடும்பத்துக்கு வீடும், மேலே எங்களைப் போன்றவர்களுக்கு ஆறு அறைகளும் கட்டியிருந்தார். வாசலில் ஒரு பெரிய கார் தார்ப்பாய் போர்த்தி நின்றது. அதை அவர் ஓட்டி நான் பார்த்ததில்லை. கழுத்தில் கனமான ஒரு தங்கச் சங்கிலி, அதைக் குளிக்கும்போதுகூடக் கழற்றமாட்டார்.

லைனில் நட்டு முறுக்கும் கருவியை நாங்கள் கன் என்போம். கையில் பிடித்து அழுத்தினால் துப்பாக்கி போலவே இருக்கும். டர்ர்ர் என்று சுற்றி, நட்டு இறுகியதும் டக் டக் என்று இரண்டு முறை தட்டி நிற்கும். அந்தத் தட்டலுக்கு அவன் வாயாலேயே தாளம் போடுவான். கார் நகரும் இடைவெளியில் எனக்குத் தோன்றியதைச் சொல்வேன். அவன் அதை வாங்கி ராப்பாகச் சொல்லிப் பார்ப்பான். அவனுக்குக் குரல் இருந்தது. எனக்குத் தொண்டையும் கிடையாது, தைரியமும் கிடையாது. நாலு பேர் முன்னால் நின்றால் முழங்கால் தனியாக ஆடும். அதனால் எழுதுவது நான், பாடுவது அவன் என்று யாரும் பேசி வைக்காமலே ஆகிவிட்டது.

அப்படி வந்ததுதான் எங்கள் பாட்டு.

கழுத்துல தொங்குது டேக்கு - அதக்
கழட்டுனா யாருன்னு கேட்டு கேக்கு.
கையில கன்னு, கண்ணுல மண்ணு,
கதவுக்குக் கதவு எண்ணு எண்ணு.

டேக் என்பது கழுத்தில் மாட்டும் அடையாள அட்டை. கேட்டு என்பது கம்பெனி வாசல். கேட்கிறது என்பதை எங்கள் ஊரில் கேக்கு என்போம். அவனுக்கு அது பிடிக்கவில்லை.

"கேக்குன்னா பர்த்டே கேக்குடா. கேக்கறவன் சிரிப்பான்."

"சிரிக்கட்டும்ல. எங்க ஊர்ல அப்படித்தாம் சொல்லுவோம்."

"இது உங்க ஊரு இல்லியே."

முணுமுணுத்துக்கொண்டேதான் பாடினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாடியில் காய்ந்துகொண்டிருந்த யூனிபார்ம்களுக்கு நடுவில் நின்று என் போனில் பதிவு செய்தோம். பின்னணிக்கு ஓர் இலவச ஆப். நடுவில் ஒரு கோழி கூவியது, அதையும் விட்டுவிட்டோம். நான் இணையத்தில் ஏற்றினேன்.

இரண்டு வாரத்தில் அந்தப் பாட்டு எங்களை முந்திக்கொண்டு ஓடியது. பக்கத்து கம்பெனிகளின் ஹாஸ்டல் பெண்கள் தங்கள் டேக்கைக் கையில் பிடித்துச் சுழற்றி அதற்கு ஆடி வீடியோ போட்டார்கள். கம்பெனி பஸ்ஸில் முன்சீட்டில் ஒருவன் முதல் வரியைச் சொன்னால் பின்சீட்டிலிருந்து அடுத்த வரி வரும். எழுதியது நான் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. தெரியாமல் இருந்ததே நன்றாக இருந்தது.

பிறகு சென்னையிலிருந்து ஒரு மியூசிக் கம்பெனிக்காரர் கூப்பிட்டார். இருவரும் சிங்கப்பெருமாள் கோவிலில் ரயில் ஏறி, கோடம்பாக்கத்தில் இறங்கிப் போனோம். ஓர் அடுக்குமாடி வீட்டின் இரண்டாவது மாடியில் ஆபீஸ். அவர் எங்களைவிட நாலைந்து வயது மூத்தவர். நல்ல மனிதர்தான், அதைச் சொல்லியாக வேண்டும். ஜூஸ் வாங்கிக் கொடுத்தார். பாட்டை முழுதாகக் கேட்டு வைத்திருந்தார். கோழி கூவியதைக்கூடக் கவனித்திருந்தார்.

"வைப் செமயா இருக்கு ப்ரோ. ஆனா டேக்குன்னா யாருக்குப் புரியும்?"

"வேலைக்குப் போற எல்லாருக்கும் புரியும்," என்றேன்.

"புரியும் ப்ரோ. ஆனா அவங்க போன்ல அவங்களயே பாக்க விரும்பமாட்டாங்க. அவங்க யாரா ஆகணும்னு நினைக்கிறாங்களோ அதத்தான் பாப்பாங்க. டேக்க எடுத்துட்டு செயின் வைங்க. அப்புறம் அந்த கேக்கு. கேக் வெட்டுற பாட்டா அது?"

அவன் என்னைப் பார்த்து, சொன்னேன் பார்த்தாயா என்பதுபோல் புருவத்தை உயர்த்தினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கண் மேசைக்குப் போனது. மேசையில் ஒப்பந்தக் காகிதம் இருந்தது. அதில் என் பெயரும் இருந்தது, பாடலாசிரியர் என்று. அச்சில் என் பெயரை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

திரும்பி வரும் ரயிலில், தாம்பரத்துக்கும் கூடுவாஞ்சேரிக்கும் இடையில், நான் மாற்றி எழுதினேன்.

கழுத்துல தொங்குது செயினு - நான்
காலு வச்ச ரோடெல்லாம் என் லேனு.

வேறு யாரும் எழுதவில்லை. யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவுமில்லை. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருவது அந்த ஐந்து நிமிடத்தின் மேல்தான். டேக் வரியை எழுத மூன்று மாதம் லைனில் நின்றேன். செயின் வரி தானாக வந்து விழுந்தது, ஏற்கெனவே யாரோ எழுதி என் வாயில் போட்டு வைத்திருந்ததுபோல.

வீடியோ எடுக்கப் படப்பை பக்கம் ஒரு காலி லேஅவுட். தார் போட்ட தெருக்கள், தெருவிளக்குகள், பூங்காவுக்கு ஒரு பலகை. வீடு மட்டும் ஒன்றுகூட இல்லை. அங்கே வாடகைக்கு ஒரு கறுப்பு வெளிநாட்டுக் காரைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். பழக்கதோஷம், நான் போய்க் கதவைத் திறந்து கீலைப் பார்த்தேன். கதவுக்கும் உடலுக்கும் நடுவில் இடைவெளி மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு. எங்கள் லைனில் அதை அப்படியே திருப்பி அனுப்புவார்கள். டிரைவர் ஓடிவந்து, "தொடாத, தொடாத" என்று என்னை விரட்டினார்.

அவன் கழுத்தில் மூன்று கவரிங் சங்கிலிகள். ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் முந்தின நாள் நான்தான் கூடப் போய் வாங்கி வந்தேன். வெயில் ஏற ஏற வியர்வையில் அவன் கழுத்து பச்சையாகிக்கொண்டே வந்தது. உதவிக்கு நின்றவர் டிஷ்யூ பேப்பரால் துடைத்துத் துடைத்து விட்டார்.

"உங்க வீட்லதாம் அசல் இருக்கே. ஒருநாளு அப்பாகிட்ட கேட்டு வாங்கியிருக்கலாம்ல," என்றேன் மெதுவாக.

"கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"நெலத்த வித்து வாங்கனது, டான்ஸ் ஆடறதுக்கு இல்லன்னாரு."

துடைக்க வசதியாக அவன் கழுத்தை நீட்டிக் கொடுத்தான். நான் அதோடு விட்டுவிட்டேன். ஆனால் அந்தச் சொல் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

பிறகு ஒருவர் ஒரு பெட்டியைத் திறந்து கறுப்புப் பொம்மைத் துப்பாக்கி ஒன்றை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

"இது என்ன?" என்றேன்.

"கன்னு ப்ரோ. பாட்டுலயே இருக்கே, கையில கன்னு," என்றார் கம்பெனிக்காரர்.

"அது நட்டு முறுக்குத கன்னு."

"சரிதான் ப்ரோ. அது யாருக்குத் தெரியப்போகுது?"

"எங்களுக்குத் தெரியும்."

அவர் சிரித்தார். கோபமாக இல்லை, குழந்தையைப் பார்த்துச் சிரிப்பதுபோல. நான் அவனிடம் திரும்பினேன். "ஏல, நீயாவது சொல்லு. போலீஸ்காரன் பாத்தா என்ன நினைப்பான், நம்ம லைன்ல உள்ளவன் பாத்தா என்ன நினைப்பான்."

அவன் அந்தப் பொம்மையைக் கையில் கனம் பார்த்துக்கொண்டிருந்தான். "இன்னா சொல்ல சொல்ற? பாட்டு எய்தனது நீ. செயினுன்னு மாத்தனதும் நீ. இப்ப வந்து நட்டு, போல்ட்டுன்னா எப்டி?"

அவன் துப்பாக்கியைக் கேமராவுக்கு நீட்டினான். பதினாறு தடவை எடுத்தார்கள். பதினாறு தடவையும் நான் பூங்கா என்று எழுதிய பலகையின் நிழலில் நின்றுகொண்டிருந்தேன்.

வீடியோ வந்தது. ஓடவும் இல்லை, விழவும் இல்லை. ஒப்பந்தத்தில் இன்னொன்று எழுதியிருந்தது. நாங்கள் அதைச் சரியாகப் படிக்கவில்லை. பழைய பதிவை எடுத்துவிட வேண்டும். பாஸ்வேர்ட் என்னிடம் இருந்ததால் நானே எடுத்தேன். பொத்தானை அழுத்தினால் நிஜமாகவா என்று ஒரு கேள்வி கேட்கும். ஆம் என்றேன்.

அதற்கடுத்த வாரம் லைனில் சூப்பர்வைசர் என் பின்னால் வந்து நின்று, "ராப்பரு, கன்ன பாத்து வை. கேஸ் ஆயிடப் போவுது," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதைத் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது வேறு. சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து வரும் ஷேர் ஆட்டோவில், பாட்டை ஏற்றிய பக்கத்தில் இருந்த என் போட்டோவை வைத்து ஒரு பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். எங்கள் பாட்டுக்கு ஆடி வீடியோ போட்டவர்களில் ஒருத்தி.

"அண்ணா, பழைய பாட்டு எங்க காணோம்? என் வீடியோல சத்தமே வரல."

"எடுத்துட்டோம்மா. புதுசு வந்திருக்கே, அத வச்சுக்கோ."

"கேட்டேன் அண்ணா. நல்லாத்தான் இருக்கு," என்றாள். பிறகு கொஞ்ச தூரம் போனதும், "ஆனா அத வச்சி நான் இன்னா பண்றது? எனுக்கு செயினு இல்லியே," என்றாள். குறையாகச் சொல்லவில்லை. கடையில் அளவு சேராத சட்டையைத் திருப்பிக் கொடுப்பதுபோலச் சொன்னாள். அவள் இறங்கும்வரை நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மியூசிக் கம்பெனிக்காரர் அடுத்து ஒரு வேலை கொண்டுவந்தார். மணிமங்கலம் பக்கம் மனை விற்கும் ஒருவருக்கு ஒரு நிமிட ராப். மனை, பத்திரம், எதிர்காலம் எல்லாம் வர வேண்டும். நான் முடியாது என்றேன். அவன் முடியும் என்றான்.

மாடியில் சண்டை. ஞாயிறு மத்தியானம், மற்ற மூவரும் படத்துக்குப் போயிருந்தார்கள்.

"மனை விக்கதுக்கெல்லாம் ராப்பால? நாளைக்கு கொசு மருந்துக்கும் பாடுவியா?"

"பாடுவேன். உனுக்கு இன்னா, நீ ஒரு நாளு ஊருக்குப் பூடுவ. நான் இங்கதான் கீறேன். எங்க நெலத்து மேல ரோடு போட்டான், கம்பெனி கட்டுனான், அவன் காரு செஞ்சி விக்கிறான். நான் ஒரு காரு முன்னாடி நின்னா மட்டும் உனுக்கு எரியுதா?"

"எரியல. நீ சொல்லுதியே, இதப் பாடு. இதுதாம்ல பாட்டு. அவன் எழுதிக் குடுக்கத ஏன் பாடுத?"

சொல்லிவிட்டு, இதுதான் சமயம் என்று நினைத்து, நான் பல நாளாக எழுதி வைத்திருந்த காகிதத்தை எடுத்துக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் நான் எழுதியதில் அதுதான் சிறந்தது என்று அப்போது நம்பினேன்.

அப்பன் கழுத்துல அரை ஏக்கரு தொங்குது,
குனிஞ்சா மாருல நெல்லு குத்துது.

அவன் இரண்டு முறை படித்தான். முகம் மாறியது. பாராட்டப் போகிறான் என்று எதிர்பார்த்து நின்றேன், மடையன்.

"அன்னிக்கு நான் உங்கிட்ட சொன்னத வச்சி எய்தினியா?"

"ஆமா."

"அந்த மியூசிக் கம்பெனிக்காரன் செயின விக்கிறான். நீ எங்கப்பன விக்கிற. இன்னாடா வித்தியாசம்?"

காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டான். கிழித்துப் போட்டிருந்தாலாவது நான் சத்தம் போட்டிருப்பேன்.

அதன்பின் இரண்டு மாதம் பேச்சு இல்லை. பேசாமல் இருப்பது வேறு இடத்தில் சுலபம். எங்கள் வேலையில் ஒவ்வொரு கார் வரும்போதும் அவன் முகம் நேர் எதிரே வந்து நிற்கும். அவன் தன் நட்டுகளைப் பார்ப்பான், நான் என் நட்டுகளைப் பார்ப்பேன். வாடகையைக்கூட அறையில் கூட இருந்த ஒருவனிடம் கொடுத்தனுப்பினேன்.

மனைப் பாட்டை அவன் பாடினான். வேறு யாரோ எழுதியது. இன்னிக்கு வாங்கு, நாளைக்கு ராஜா என்று முடியும். ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவில் அதைப் போட்டுக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றினார்கள். மணிமங்கலம் ரோட்டில் பேனரில் அவன் கைகட்டி நின்றான். நான் அதைப் பார்க்கும்போதெல்லாம் பல்லைக் கடித்தேன். எல்லோரிடமும் சொன்னேன், கலையை விற்றுவிட்டான் என்று. கேட்டவர்கள் யாரும் பெரிதாக வருத்தப்படவில்லை. எவ்வளவுக்கு என்றுதான் கேட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனியில் பாதுகாப்பு வாரம் வந்தது. ஹெச்.ஆர். மேடம் என்னைக் கூப்பிட்டு, "நீங்க பாட்டு எழுதுவீங்களாமே, சேஃப்டி பத்தி ஒரு ராப் எழுதிப் படிங்க," என்றார். அடுத்த மாதம் ட்ரெய்னிகளில் யாரை நிரந்தரமாக்குவது என்று முடிவு செய்ய இருந்தார்கள். நான் எழுதினேன். என்னை நானே ஏமாற்றிக்கொள்ள ஒரு வரி மட்டும் சேர்த்தேன்: கையுறை போடச் சொல்லுறாங்க, கேட்டாக்கா ஸ்டாக் இல்லங்குறாங்க. மேடம் படித்துவிட்டுச் சிரித்தார். பேனாவை எடுத்து அந்த வரியை மட்டும் அழகாக அடித்தார்.

"இது மட்டும் வேணாம். மத்ததெல்லாம் சூப்பர்."

காலைக் கூட்டத்தில், இருநூறு பேர் முன்னால், முழங்கால் ஆட ஆட, மேடம் சூப்பர் என்ற மற்றதையெல்லாம் நான் படித்தேன். கைதட்டினார்கள். ஒரு ஹாட்பாக்ஸ் பரிசு கொடுத்தார்கள். வரிசையில் அவன் நின்றிருந்தான். அவன் சிரிப்பான், அதை வைத்து ஒரு சண்டையாவது போடலாம் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த ஞாயிறு என் அறைக்கு வந்தான். கதவருகிலேயே நின்றான்.

"அப்பா அந்த ஆட்டோ பாட்ட கேட்டுட்டாரு," என்றான்.

"திட்டினாரா?"

"திட்டல. எங்க நெலத்த கேக்க வந்தான் பாரு புரோக்கரு, அவனும் இதத்தான் சொன்னானாம். இன்னிக்கு குடு, நாளைக்கு ராஜான்னு. அதே வார்த்த. இது உன் கொரலான்னு கேட்டாரு. ஆமான்னேன். சாப்புட்டு எந்திரிச்சி பூட்டாரு."

நான் ஹாட்பாக்ஸிலிருந்த இட்லியை எடுத்து வைத்தேன். சாப்பிட்டான். பிறகு பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்தான். மடிப்பில் நைந்து போயிருந்தது. கீழே அவன் கையெழுத்தில் இன்னும் ஆறு வரிகள். அப்பா, தார்ப்பாய்க்குள் நிற்கும் கார், ஓட்டக் கற்றுக்கொண்டு பிறகு அவர் ஓட்டாமல் விட்டது, எல்லாம் அவன் பேசுகிற பேச்சிலேயே இருந்தன. சந்தம் பல இடங்களில் இடித்தது. ஆனால் அதில் எந்த வரியையும் என்னால் எழுதியிருக்க முடியாது.

"அவர்ட்ட படிச்சி காட்டினேன்," என்றான்.

"என்னல சொன்னாரு?"

"இன்னொரு தபா படின்னாரு. அப்பறம், அரை ஏக்கர் இல்லடா, ஒண்ணே கால் ஏக்கர், தப்பா எய்திக்கினு கீற, மாத்துன்னாரு."

"அது மட்டுமா?"

"அது மட்டுந்தான். பாடலாமான்னேன். அளவ மாத்திட்டு பாடுன்னாரு."

அன்றிலிருந்து மூன்று வாரமாக அந்த வரியில் நிற்கிறோம். ஒண்ணே கால் ஏக்கரு தொங்குது என்றால் தாளத்துக்கு இரண்டு அசை கூடுகிறது. பின்னணி இசையில் அது உட்கார மறுக்கிறது. அரை ஏக்கர் என்றே இருக்கட்டும், பாட்டுதானே, பத்திரப் பதிவா என்கிறேன் நான். உண்மை, நேர்மை என்று ஊரெல்லாம் பேசித் திரிந்த நான்தான் இதைச் சொல்கிறேன். அது எனக்கே கேட்கிறது, கேட்கும்போது என் மேலேயே எரிச்சல் வருகிறது. இருந்தாலும் இடிக்கிற வரியை இடிக்கிறது என்றுதானே சொல்ல முடியும்.

அவன் மசிய மாட்டேன் என்கிறான். நெலத்த அந்த ரோட்டுக்காரன் முழுங்கினான், கணக்குல முக்கால் ஏக்கர நீ முழுங்கறியா என்கிறான். முன்னால் உள்ள சொல்லை எடு, அப்பன் என்பதை எடுத்துவிட்டுத் தொடங்கு என்கிறான். அப்பன் இல்லாமல் அந்த வரி என்ன வரி என்று நான் கத்துகிறேன். லைனில் கார் வந்து நிற்கும்போதெல்லாம் அந்தப் பக்கத் திறப்பிலிருந்து ஒரு புது மாதிரி சொல்லிக் காட்டுகிறான். நான் தலையை ஆட்டி இல்லை என்கிறேன். அடுத்த காருக்கு இன்னொன்று. நேற்று ஒன்று கிட்டத்தட்டச் சரியாக வந்தது. கடைசிச் சொல்லை அவன் சொல்வதற்குள் சூப்பர்வைசர் வந்துவிட்டார்.